மூன்றாக அறுக்கப்பட்ட பெஞ்சு

திருவனந்தபுரம் நகர மையத்துக்கு வடக்கே, ஸ்ரீகாரியத்தை ஒட்டி அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1939இல் தொடங்கப்பட்டது, கேரளத்தின் முதல் பொறியியல் கல்லூரி. ஊரார் சி.இ.டி. என்றே அழைப்பர். அதன் அருகே ஒரு பேருந்து நிறுத்தம், நிறுத்தத்தில் ஒரு நிழற்குடை, நிழற்குடைக்குள் ஒரே நீளமாக ஒரு பெஞ்சு. 2022 ஜூலை மூன்றாம் வாரத்தில் ஒருநாள், அங்கே வந்த மாணவர்கள் அந்தப் பெஞ்சு மூன்றாக அறுக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். ஆளுக்கு ஒன்றாக மூன்று இருக்கைகள், இடையிடையே வெற்றிடம். ஒருவர் உட்காரலாம். இருவர் சேர்ந்து உட்கார வழியில்லை.

அறுத்தவர்கள் யாரோ விஷமிகள் அல்லர். அப்பகுதியில் வாழும் குடும்பஸ்தர்கள், குடியிருப்போர் சங்கத்தார். அந்த நிழற்குடையும் அரசு கட்டியதன்று, குடியிருப்போர் முயற்சியில் எழுந்ததே. தாம் வைத்த பெஞ்சைத் தாமே அறுத்ததாக அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். மாணவர்களுக்கோ காரணம் விளங்க நெடுநேரம் ஆகவில்லை. ஆணும் பெண்ணும் அருகருகே அமர்ந்து பேசுவது சிலர் கண்ணை உறுத்தியிருக்கிறது. கண்டித்துச் சொல்வதற்குப் பதிலாக ரம்பத்தை எடுத்திருக்கிறார்கள்.

மாணவர்களின் மறுமொழி கேரளம் முழுவதும் பரவிய ஒரு படமாயிற்று. ஒற்றை இருக்கை ஒவ்வொன்றிலும் இருவர். ஒருவர் மடியில் இன்னொருவர். பக்கத்தில் அமரத்தானே தடை, மடியில் அமரத் தடையில்லையே என்பது அப்படத்தோடு பயணப்பட்ட வாசகத்தின் பொருள். முழக்கமில்லை, மறியலில்லை, கொடியில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அறுத்தவர்கள் தடுக்க நினைத்தது ஒரு சாண் நெருக்கத்தை. அறுத்ததன் பயனாக அந்த ஒரு சாணும் இல்லாமற்போயிற்று.

இந்த நிகழ்வில் திரும்பத் திரும்ப வந்த இரண்டு சொற்கள் மொழியியல் பயின்றோரை எளிதில் விடுவதில்லை. முதற்சொல் ‘மடி’. தமிழிலும் மலையாளத்திலும் உடலின் அந்த இடத்துக்கு ஒரே பெயர். இரு மொழியிலும் சோம்பலுக்கும் அதுவே பெயர்; வள்ளுவர் ‘மடியின்மை’க்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். வேலையில்லாமல் நிறுத்தத்தில் குந்தியிருக்கிறார்கள் என்று மாணவர்களைக் குறைகூறும் முதியவரின் நாவில் வரக்கூடிய பொருள் அது. தமிழ்நாட்டில் மூன்றாவது பொருளொன்றும் உண்டு. ஆசாரம் பேணும் வீடுகளில் ‘மடி’ என்றால் தீண்டாத தூய்மை. மடியாக இருப்பவரை மற்றவர் தொடக்கூடாது. தொடுதலின் உச்சமான இடத்துக்கும் தொடக்கூடாமையின் உச்சத்துக்கும் ஒரே ஒலி. சொற்பிறப்பில் இவை மூன்றும் உறவினவா என்பது வேறு ஆய்வு. நிழற்குடையில் அன்று மோதிக்கொண்டவை முதலாவதும் மூன்றாவதும்.

இரண்டாம் சொல் ‘இரு’. மலையாளத்தில் ‘இரிக்குக’ என்றால் உட்காருதல். இன்றைய தமிழில் ‘இரு’ என்பது பெரும்பாலும் தங்கு, உளதாகு என்னும் பொருளிலேயே வழங்குகிறது. உட்காரும் பொருளை ‘இருக்கை’ என்ற பெயரில் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். வைணவக் கோயில்களில் அப்பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்று. இருந்த கோலம் என்றால் வீற்றிருந்த கோலம். நம்மாழ்வார் பாடிய திருவனந்தபுரத்துப் பெருமாள் கிடந்த கோலத்தவர் என்பது இவ்விடத்தில் நினைவுக்கு வராமற் போகாது. அந்நகரத்தின் தலைவர் பல்லாண்டுகளாகக் கால்நீட்டிப் படுத்திருக்கிறார், அதை ஒருவரும் குறை சொன்னதில்லை.

இவ்வேறுபாட்டால் விளைந்த ஒரு வேடிக்கை. மலையாளத்தில் ‘இரிப்பிடம்’ என்றால் உட்காரும் இடம், இருக்கை. தமிழில் ‘இருப்பிடம்’ என்றால் வசிக்கும் வீடு, முகவரி. ஒரே சொல்லை எல்லைக்கு இப்பால் வைத்தால் குடியிருப்போர் சங்கம். அப்பால் வைத்தால் மாணவர்கள். ஸ்ரீகாரியத்தின் வழக்கை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது. இருப்பிடம் உடையவர்களுக்கும் இரிப்பிடம் வேண்டியவர்களுக்கும் இடையிலான பிணக்கு அது.

திருவனந்தபுரத்துக் குடியிருப்போர் சங்கங்களை அறியாதவர்க்கு இவ்வழக்கின் ஒரு பாதி விளங்காது. தெரு முனையில் சங்கத்தின் பெயர்ப்பலகை; ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் சங்கத்தின் பெயர்ச்சுருக்கமும் எண்ணும் பொறித்த தகடு. அஞ்சற்காரருக்கும் உணவு கொண்டுவரும் இளைஞருக்கும் நகராட்சி எண்ணைவிட அந்த எண்தான் வழிகாட்டும். ஓணம் வந்தால் கொண்டாட்டம், குப்பை குவிந்தால் முறையீடு, தெருவிளக்கு அணைந்தால் தொலைபேசி, திருட்டு நடந்தால் கேமரா. இச்சங்கங்களுக்கு நகரளவில் கூட்டமைப்பும் உண்டு. நகராட்சி எட்டாத இடங்களில் எட்டுபவர்கள் இவர்கள். பேருந்து நிழற்குடையும் அவ்வாறு எட்டியதே. கேரளத்துச் சாலைகளில் இப்படிக் கட்டப்பட்டவை ஏராளம். இறந்துபோன தந்தையின் நினைவாக ஒன்று, இளைஞர் மன்றம் கட்டியது ஒன்று, கட்சிக் கொடியின் வண்ணம் பூசியது ஒன்று. மலையாளத்தில் அதற்குக் ‘காத்திரிப்பு கேந்திரம்’ என்று பெயர். நாம் நிழலைப் பார்த்துப் பெயரிட்டோம். அவர்கள் காத்து இருத்தலைப் பார்த்துப் பெயரிட்டார்கள்.

வழிப்போக்கர்க்கு இருக்கை அமைப்பது அரசின் வேலை என்ற எண்ணமே அண்மைக்காலத்தது. பழைய திருவிதாங்கூர்ச் சாலைகளில் சுமைதாங்கிகள் நின்றன; தமிழ்நாட்டுச் சாலைகளிலும் நின்றன. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் இரு நிலைக்கல்லும் மேலே ஒரு குறுக்குக்கல்லும். தமிழ்நாட்டில் அவற்றுட் பல, வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டவை. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, ஊரார் சுமையை இறக்க ஒரு கல். அதை நடுவதற்கு எந்த அலுவலகத்திலும் மனுக்கொடுத்திருக்க மாட்டார்கள். திண்ணையும் அத்தகையதே, வீட்டின் பகுதியாகவும் தெருவின் பகுதியாகவும் ஒருசேர இருந்தது. சி.இ.டி.க்கு அருகே சாவடிமுக்கு என்றொரு சந்திப்பு உண்டு. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கும் இடம். முக்கு, மூலை, தென்தமிழ்நாட்டில் இன்றும் வழங்கும் சொல். ஊர்ப்பெயரிலேயே உட்காரும் உரிமை எழுதப்பட்டிருக்கும் ஓரிடத்தின் பக்கத்தில்தான் இப்பெஞ்சு அறுக்கப்பட்டது.

ஆனால் திண்ணையையும் சாவடியையும் நினைத்து உருகுவோர் ஒன்றை மறைத்துவிடுகின்றனர். திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்ததில்லை. எவர் உட்காரலாம், எவர் கீழே நிற்க வேண்டும், எவர் அந்தத் தெருவிலேயே நடக்கக் கூடாது என்பதையெல்லாம் சாதி முடிவு செய்து வைத்திருந்தது. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் குவளை மட்டும் இரண்டாக இருக்கவில்லை, பெஞ்சும் இரண்டாக இருந்தது; பல இடங்களில் ஒரு சாராருக்குப் பெஞ்சே இல்லை. சமூகம் தானே அமைத்த இருக்கை என்றால் அது எல்லோருக்குமான இருக்கை என்று பொருளாகாது. அமைத்த சமூகம் எது என்ற கேள்வி உடன்வருகிறது.

இக்கேள்விக்குத் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே ஒரு சான்று கிடக்கிறது; அதுவும் ஒரு பெஞ்சுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டும் பள்ளிகள் சேர்க்கவில்லை. அய்யன்காளி, பஞ்சமி என்ற புலையச் சிறுமியை அழைத்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மேல்சாதியினர் அந்தப் பள்ளியையே எரித்தார்கள். பாதி எரிந்த பெஞ்சொன்று இன்றும் அப்பள்ளியில் காக்கப்படுகிறது. 2022இல்தான் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன. ஸ்ரீகாரியத்துப் பெஞ்சு அறுபட்ட அதே ஆண்டு.

இரண்டையும் சமப்படுத்துவது தவறு. பஞ்சமிக்கு மறுக்கப்பட்டது எழுத்தறிவு, சி.இ.டி. மாணவர்களுக்கு மறுக்கப்பட்டது பேருந்து வரும்வரையிலான ஒரு கால்மணி நேரம். ஒன்றில் நெருப்பு, மற்றதில் ரம்பம். ஆனாலும் இரண்டையும் செய்தவர்களின் மனத்தில் ஓடிய கணக்கு ஒன்றே. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதை உட்காருகிறவர் தீர்மானிக்கக் கூடாது, பார்க்கிறவர் தீர்மானிக்க வேண்டும். கலப்பு மணத்தின் முதற்படி கலந்து உட்காருவதுதான் என்பதைச் சாதி நன்கறியும். ஆண்-பெண் நெருக்கத்தைப் பற்றிய கவலை தனியாக வருவதில்லை. அதன் அடியில் எந்தச் சாதி ஆண், எந்த மதப் பெண் என்ற கேள்வி படுத்திருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் அதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

இந்த நெருக்கடி கேரளத்துக்குப் புதிதன்று. 2014இல் கோழிக்கோட்டு உணவகமொன்றில் இளம் இணையர் நெருக்கமாக இருப்பதாகச் சொல்லி ஒரு கும்பல் அதை அடித்து நொறுக்கியது. அதற்கு எதிர்வினையாக நவம்பர் 2ஆம் நாள் கொச்சி மரீன் டிரைவில் முத்தப் போராட்டம் நடந்தது. 2015இல் கோழிக்கோடு ஃபரூக் கல்லூரியில் மாணவரும் மாணவியரும் ஒரே பெஞ்சில் அமர்ந்ததற்காக வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மன்னிப்புக்கடிதம் தர மறுத்த மாணவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இத்தகைய கண்காணிப்பாளர்களுக்கு மலையாளத்தில் ‘சதாசாரப் போலீஸ்’ என்று பெயர். நல்லொழுக்கம் என்ற வடசொல்லும் போலீஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து ஒரு மலையாள வசவாக மாறியிருப்பது அம்மொழியின் குறும்பு. தமிழ்நாட்டில் ‘கலாச்சாரக் காவலர்’ என்கிறோம். நம் சொல்லில் இன்னும் கொஞ்சம் மரியாதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் படிக்கட்டு வைத்த தனியார் பொறியியல் கல்லூரிகளில் படித்துத் தேறிய தமிழர்கள், ஸ்ரீகாரியத்துச் செய்தியைப் படித்து வியந்திருக்க மாட்டார்கள். ஒரு பெஞ்சுக்காக இவ்வளவு பேர் கோபப்பட்டதைப் பார்த்துத்தான் வியந்திருப்பார்கள்.

குடியிருப்போர் தரப்பையும் அதன் வலுவான வடிவில் வைத்துப் பார்ப்பதே நேர்மை. பேருந்து நிறுத்தம் பேருந்துக்குக் காத்திருப்போருக்கானது. மாலை நேரத்தில் மூட்டுவலியோடு வரும் மூதாட்டிக்கு அங்கே இடம் வேண்டும். பேருந்து வந்தும் ஏறாமல் இரண்டு மணிநேரம் பேசிக்கொண்டிருப்போர் இருந்தால், அவர்கள் யாராயினும், அது இடைஞ்சலே. வீட்டின் முன்னால் இரவெல்லாம் கூச்சல் கேட்கும் ஒருவருக்குத் தூக்கம் கேட்கும் உரிமை உண்டு. இந்நகரத்திலேயே மானவீயம் வீதி அதற்குச் சான்று. கலைக்கும் கூடலுக்குமான வீதியாகப் புதுப்பிக்கப்பட்டு 2023இல் அது இரவு வாழ்க்கைக்குத் திறந்தபின், நள்ளிரவு தாண்டியும் கூட்டம், அடிதடி, அருகில் குடியிருப்போரின் முறையீடு, போலீஸ் கட்டுப்பாடு என்று வரிசையாக வந்தன. அந்த முறையீட்டைச் சதாசாரப் போலீஸ் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் ஸ்ரீகாரியத்தில் எடுத்த கருவி இக்கவலைகளில் எதற்கும் மருந்தாகவில்லை. நீண்ட பெஞ்சில் நெருக்கி அமர்ந்தால் ஐந்தாறு பேர் அமரலாம், அறுத்தபின் மூவர். மூதாட்டிக்கு இடம் குறைந்ததேயொழியக் கூடவில்லை. பேச்சொலி குறையவும் வழியில்லை, நின்றுகொண்டும் பேசலாம். அந்த ரம்பம் ஒரே ஒரு பயனை மட்டும் தரக்கூடியது. ஒருவர் தோள் மற்றவர் தோளில் படாமல் வைப்பது. நோயை அறிய மருந்தைப் பார்த்தாலே போதும் சில வேளைகளில்.

இருக்கையை வெட்டி மனிதரைத் திருத்தும் கலையில் உலக நகரங்கள் பல தேர்ச்சி பெற்றுள்ளன. லண்டனின் கேம்டன் பகுதி நிர்வாகத்துக்காக 2012இல் உருவாக்கப்பட்ட கான்கிரீட் இருக்கை அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. சரிவும் முனையுமாக வடித்த அதில் ஒருவர் கொஞ்ச நேரம் அமரலாம்; படுக்க முடியாது, பலகைச் சறுக்கு விளையாட முடியாது. பெஞ்சின் நடுவே இரும்புக் கைப்பிடி வைப்பதும் அதே கலை. வீடற்றவர் கால்நீட்டக் கூடாது என்பதே நோக்கம். அங்கே தடுக்கப்படுவது கிடத்தல்; இங்கே தடுக்கப்பட்டது நெருங்கி இருத்தல். நியூயார்க் சதுக்கங்களை ஆண்டுக்கணக்கில் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் 1980இல் வெளியிட்ட நூலில், மக்கள் உட்கார இடமுள்ள இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்ற மிக எளிய முடிவுக்கு வந்தார். அவர் கண்ட இன்னொன்று அதைவிட அழகானது. நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், பலர் உட்காருமுன் அதை ஓரிரு அங்குலம் நகர்த்துகிறார்களாம். பெரும்பாலும் தேவையே இல்லாத நகர்த்தல். எவ்வளவு தள்ளி, எவ்வளவு நெருங்கி என்பதைத் தானே வகுத்துக்கொண்ட நிறைவு மட்டுமே அதில் மிச்சம். நீண்ட பெஞ்சும் அவ்வகையில் ஒரு சுதந்திரமான பொருள்தான். அந்நியர் என்றால் கோடியில் அமர்கிறோம், நண்பர் என்றால் நெருங்குகிறோம், பிணங்கினால் விலகுகிறோம். அறுத்த பெஞ்சில் இந்த மூன்று முடிவுகளும் பிறர் கைக்குப் போய்விடுகின்றன.

பெண்களைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் பெரிது. கேரளச் சாலையோரத்துக் கலுங்குகளில், அதாவது சிறுபாலத்துக் கைப்பிடிச் சுவர்களில், மாலைதோறும் அமர்ந்திருக்கும் ஆண்களை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. மலையாளத் திரைப்படங்களில் நட்பு வளர்வதே அங்கேதான். பெண்ணுக்கு அப்படியோர் இடம் இல்லை. மும்பையை முன்வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘வொய் லாய்ட்டர்’ என்ற நூல் இதைத்தான் விரித்துரைத்தது. பொதுவெளியில் பெண் ஒரு காரணத்தோடு இருக்க வேண்டும்; காரணமில்லாமல் இருப்பது ஆணின் சலுகை. பேருந்து நிறுத்தம் இங்கே சிறப்பிடம் பெறுகிறது. ஒரு பெண் தெருவில் கால்மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குக் கேள்வி கேட்கப்படாத காரணம் கிடைக்கும் வெகுசில இடங்களில் அது ஒன்று. பேருந்து இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். அறுபட்டதில் ஒரு பங்கு அந்தச் சாக்கு.

செய்தி பரவிய ஓரிரு நாளில் மேயர் ஆர்யா ராஜேந்திரன் நேரில் வந்து பார்த்தார். 2020 டிசம்பரில் பதவியேற்றபோது அவருக்கு வயது 21. நாட்டின் மிக இளைய மேயர் என்று பேசப்பட்டவர். மடியில் அமர்ந்த மாணவர்களுக்கும் அவருக்கும் இடையே வயது வித்தியாசம் ஓரிரண்டு ஆண்டுகள். பெஞ்சை அறுத்தது முற்போக்கான சமூகத்துக்கு ஒவ்வாத செயல் என்றார். ஆணும் பெண்ணும் சேர்ந்து அமரக் கூடாது என்று இம்மாநிலத்தில் தடையேதும் இல்லை என்றார். அந்த நிழற்குடை அனுமதியின்றிக் கட்டப்பட்டது, பழுதடைந்தும் இருக்கிறது, மாநகராட்சியே அங்கே பால்பேதமற்ற புதிய நிழற்குடை ஒன்றை வசதிகளோடு கட்டும் என்றும் அறிவித்தார். செப்டம்பரில் பழைய நிழற்குடை இடித்து அகற்றப்பட்டது.

மாணவர்கள் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதுதான். இருபது வயதினர் பக்கம் ஒரு நகரத்தின் நிர்வாகம் வெளிப்படையாக நின்றது தென்னிந்தியாவில் அடிக்கடி நடப்பதில்லை. எனினும் மேயர் சொன்ன இரண்டு காரணங்களும் ஒரே வாக்கியத்தில் வந்தாலும் ஒரே இனத்தவை அல்ல. அறுத்தது தவறு என்பது ஒன்று. அனுமதியின்றிக் கட்டியது தவறு என்பது வேறு. முதலாவது, பெஞ்சைக் காக்கும் வாதம். இரண்டாவது, எந்தப் பெஞ்சையும் அகற்றவல்ல வாதம். பொதுச்சாலையும் அதன் ஓரமும் நகராட்சியின் பொறுப்பு என்று 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில், ஆணையும் பெண்ணையும் பிரிக்க வைத்த இருக்கையும் சேர்க்க வைத்த இருக்கையும் ஒன்றுதான். நாளை அதே மாணவர்கள் கல்லூரிப் பட்டறையில் ஒரு நீளப் பெஞ்சைப் பற்றவைத்து நிறுத்தத்தில் கொண்டுவந்து போட்டால், அதுவும் அனுமதியில்லாத பெஞ்சே.

இந்த நுணுக்கம் வீண்வாதம் அன்று. அமெரிக்காவில் பெர்க்லி போன்ற நகரங்களில், இருக்கையில்லாத பேருந்து நிறுத்தங்களுக்குத் தன்னார்வலர்கள் தாமே மரப்பெஞ்சு செய்து கொண்டுபோய் வைக்கிறார்கள்; அங்கும் முதற்கேள்வி அனுமதிதான். அனுமதிக்குக் காத்திருந்தால் மூதாட்டி நின்றுகொண்டேயிருப்பார். அனுமதியே வேண்டாம் என்றால் வைத்தவர்களே அறுக்கவும் உரிமை கோருவார்கள். ஸ்ரீகாரியத்தில் நடந்தது இதில் இரண்டாவது. தெருவில் வைத்தபின் பெஞ்சு வைத்தவருடையது அன்று என்பதை அச்சங்கத்தாருக்குச் சுமைதாங்கிக்கல்லே சொல்லியிருக்கும். மகளின் நினைவாகக் கல் நட்ட தந்தை, அதில் யார் சுமை இறக்குகிறார் என்று காவலிருந்ததில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் உரிமையும் சேர்த்தே கொடையாகக் கருதப்பட்ட இடத்தில்தான் ரம்பம் வந்தது.

‘பால்பேதமற்ற நிழற்குடை’ என்ற தொடரும் சற்றே நிறுத்திப் பார்க்கத் தக்கது. ஆங்கிலச் சொல்லாட்சியின் வழியே அது அரசாணைகளிலும் மேடைகளிலும் அப்போது பரவலாக ஓடிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் பாலுசேரி அரசுப் பள்ளியில் பால்பேதமற்ற சீருடை வந்தது. பெஞ்சு அறுபட்ட அதே ஜூலையில், ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி என்ற பிரிவினை ஒழிந்து 2023-24 முதல் எல்லாம் இருபாலர் பள்ளிகளாக வேண்டும் என்று மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் பெஞ்சுக்குப் பால்பேதம் எப்போது இருந்தது? மரமோ இரும்போ கல்லோ, முழுமையாக இருந்தவரை அது எவரையும் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. பேதத்தைச் செருகியது ரம்பம். அறுக்காமல் விட்டாலே போதுமாயிருந்த ஒரு பொருளுக்குப் புதிய பெயரும் புதிய திட்டமும் தேவைப்பட்டன. இது நிர்வாகத்தின் குற்றமன்று. இழந்ததைத் திரும்பப் பெறும்போது அது எப்போதும் சலுகையின் வடிவில்தான் வருகிறது.

அந்த ஆகஸ்டில் நடந்த இன்னொன்று இக்கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. கேரளத்தின் பள்ளிப் பாடத்திட்டச் சீரமைப்புக்கான மக்கள் விவாதக் குறிப்பு வெளியானது. வகுப்பறையில் இருபாலரும் சமமாக அமர்வதைப் பற்றிய கேள்வி அதில் இருந்தது. சொல், அதே ‘இரிப்பிடம்’. முஸ்லிம் லீக் உள்ளிட்ட தரப்பினரிடமிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. இறுதியில் அச்சொல் நீக்கப்பட்டு, ‘பள்ளிச் சூழல்’ என்ற பொருள்தரும் பொதுச்சொல் அங்கே வைக்கப்பட்டது. சூழலில் சமத்துவம் இருக்கலாம், அதற்கு ஆட்சேபணையில்லை. பெஞ்சில் இருப்பதுதான் சிக்கல்.

ஒரு பேருந்து நிறுத்தத்தில் மாநகராட்சி உறுதியாக நின்ற அதே பருவத்தில், ஆயிரக்கணக்கான வகுப்பறைகளைப் பற்றிய தாளில் ஒரு சொல் பின்வாங்கியது என்று எண்ணிக்கையோடு எழுதத் தோன்றும். எண்ணிக்கை இங்கே தேவையில்லை. நிறுத்தத்தில் எதிர்த்தரப்பு ஒரு தெருக்காரர்கள். பள்ளியில் எதிர்த்தரப்பு வாக்காளர்கள். அதே ஆண்டு இறுதியில் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மாணவியர், இரவு ஒன்பதரைக்குப் பின் விடுதிக்கு வெளியே செல்லக் கூடாது என்ற விதியை எதிர்த்து உயர்நீதிமன்றம் சென்றனர். பெண்களை மட்டும் ஏன் பூட்டிவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டது. அரசுத் தரப்பின் விடையில் பாதுகாப்பு என்ற சொல் இருந்தது. நிழற்குடையை இடிக்க ஒரு பொக்லைன் போதும். விடுதி வாயிலின் பூட்டு இடிப்பதற்குரிய கட்டடமன்று. அது ஒரு சுற்றறிக்கை, அதில் கையெழுத்திடுவதற்கு ஓர் அலுவலர் வேண்டும், அந்த அலுவலரின் வீடும் ஏதோ ஒரு குடியிருப்போர் சங்கத்தின் எண்தகட்டுக்குப் பின்னால் இருக்கும்.